கால்வர்ட் கிளிஃப்ஸ் பூங்காவில் சுறாப்பல் தேடச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

மேரிலாந்து மாநிலத்தில் லஸ்பி என்ற சிற்றூரை ஒட்டி, செசபீக் விரிகுடாவின் மேற்குக் கரையில் கால்வர்ட் கிளிஃப்ஸ் மாநிலப் பூங்கா இருக்கிறது. காட்டுக்குள் நடந்து கடற்கரையை அடைந்து, ஒரு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சுறாப்பற்களைக் கையால் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துவரலாம் என்று கேள்விப்பட்டுக் குடும்பத்தோடு கிளம்பினோம். முதல் இரண்டு பயணங்களும் வீணாயின. ஒருமுறை பூங்காவின் வாயிலோடு திரும்பினோம். மற்றொருமுறை ஆறு வயது மகளைப் பாதித் தூரம் தோளில் சுமந்து கரைக்குச் சென்றும், தேட வேண்டிய இடம் முழுவதும் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. இரண்டுக்கும் காரணம் நாங்கள் நேரத்தைக் கணக்கிடாததே. வாஷிங்டன், பால்டிமோர், வடக்கு வர்ஜீனியா பகுதிகளுக்குப் புதிதாகக் குடிவந்து, வார இறுதியில் இங்கே செல்ல நினைக்கும் குடும்பங்கள் அந்த அலைச்சலைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. நாளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஓத அட்டவணையைப் பாருங்கள்

பெரும்பாலானோர் விடுமுறை நாளை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பிறகே மற்றவற்றைப் பார்க்கிறார்கள். இந்தக் கரைக்கு அந்த வரிசை உதவாது. கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதைத்தான் ஓதம் என்கிறேன். இங்கே சுறாப்பற்கள் கிடைப்பது, அலை வந்து திரும்பும் விளிம்பில் சிப்பித் துண்டுகளும் சிறு கூழாங்கற்களும் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு குறுகிய பட்டையில்தான். விரிகுடாவின் இந்தப் பகுதியில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ ஓரடி அல்லது அதற்குச் சற்று மேல் என்ற அளவில்தான் இருக்கும். சென்னை மெரினாவைப் போன்ற அகன்ற மணற்பரப்பு இங்கே இல்லை. பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கும் கரையே சிறியது என்பதால், அந்த ஓரடி நீர் ஏறினாலே தேடும் பட்டை மறைந்துவிடுகிறது.

அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா தன் இணையதளத்தில் ஒவ்வொரு நாளுக்குமான ஓத நேரங்களைக் கட்டணமின்றி வெளியிடுகிறது. அதில் இந்தப் பூங்காவுக்கு அருகிலுள்ள கோவ் பாயிண்ட் நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். அன்னாபொலிஸ் அல்லது பால்டிமோர் நேரத்தைப் பார்த்துவிட்டுச் செல்லாதீர்கள். விரிகுடாவில் ஓதம் தெற்கிலிருந்து வடக்காக நகர்வதால் அந்த ஊர்களின் நேரம் இங்கே பொருந்தாது.

நாங்கள் ஏமாந்தது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கரையில் இருந்து கைநிறையப் பற்கள் பொறுக்கியதாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை அதே பத்து மணிக்கு நாங்கள் போய் நின்றோம். ஓத நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது; ஏழு நாளில் அது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆகவே ஒரு வாரம் தாழ் ஓதமாக இருந்த அதே மணி, அடுத்த வாரம் உயர் ஓதமாக இருக்கும். ஒருவர் சென்றுவந்த நேரத்தை நீங்கள் அப்படியே பின்பற்ற விரும்பினால் இரண்டு வாரம் கழித்துச் செல்லுங்கள்.

காற்றையும் கவனியுங்கள். வடமேற்கிலிருந்து பலமாகக் காற்று வீசும் நாள்களில் நீர் விரிகுடாவை விட்டு வெளியே தள்ளப்படுவதால், அட்டவணையில் சொன்னதைவிடக் கரை அதிகமாக வெளிப்படும். கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வீசினால் தாழ் ஓதத்திலும் நீர் இறங்காது. ஆனால் அப்படிப்பட்ட கிழக்குக் காற்றும் புயலும்தான் கரையை ஒட்டி நிற்கும் பாறைச் சரிவுகளை அரித்துப் புதிய பற்களைக் கரைக்குக் கொண்டுவருகின்றன. எனவே புயல் ஓய்ந்து, காற்று வடமேற்குக்குத் திரும்பிய மறுநாள் தாழ் ஓத வேளையே மிகச் சிறந்த வேளை. டிசம்பர் முதல் மார்ச் வரை இத்தகைய நாள்கள் அதிகம் அமைவதோடு கூட்டமும் குறைவு. குளிரைத் தாங்க முடியுமானால் குளிர்காலத்தையே பரிந்துரைப்பேன்.

2. வீட்டிலிருந்து புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

வாகன நிறுத்தத்திலிருந்து கடற்கரை 1.8 மைல், அதாவது ஏறத்தாழ 2.9 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கரை வரை வண்டியில் செல்ல வழியில்லை. புதிதாக வருபவர்களில் பலர் இதை அறியாமல் குளிர்பானப் பெட்டியும் மடக்கு நாற்காலியுமாக வந்து, பாதி வழியில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்களுக்கு நாற்பது முதல் ஐம்பது நிமிடம் போதும். சிறு குழந்தைகள் உடன் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வையுங்கள்.

தாழ் ஓதம் காலை 10:40 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் தேடுவதற்கு உகந்தது என்பதால் 9:10-க்குக் கரையில் இருக்க வேண்டும். நடைக்கு ஒரு மணி நேரம், கட்டணம், கழிப்பறை, காலணி மாற்றுதல் ஆகியவற்றுக்குக் கால் மணி நேரம் என்று கழித்தால் 7:55-க்குப் பூங்காவில் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். வாஷிங்டனிலிருந்து நெரிசல் இல்லாத வேளையில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பால்டிமோரிலிருந்து இன்னும் சற்றுக் கூடுதலாகும்.

பூங்கா சூரிய உதயத்தில் திறந்து அத்தமனத்தில் மூடப்படுகிறது. தாழ் ஓதம் பிற்பகலில் அமையும் நாள்களில் இதை மறந்துவிடக் கூடாது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், மூன்று மணி அளவில் கரையை விட்டுக் கிளம்பினால்தான் காட்டுப்பாதையை வெளிச்சத்தில் கடக்க முடியும்.

3. வாயில் மூடப்படுவதற்கு முன் சேருங்கள்

கோடைக்கால வார இறுதிகளிலும் நீண்ட விடுமுறை நாள்களிலும் வாகன நிறுத்தம் நிறைந்தவுடன் வாயிலை மூடிவிடுகிறார்கள். ஜூலை மாத ஞாயிறு ஒன்றில் பதினொன்றரை மணிக்குச் சென்ற நாங்கள் உள்ளே போக முடியவில்லை. வாயிலுக்கு வெளியே சாலையோரத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்து உள்ளே செல்லலாம் என்று எண்ண வேண்டாம், அதற்கு அனுமதியில்லை. கோடையில் செல்வதானால் வார நாளைத் தேர்ந்தெடுங்கள், அல்லது எட்டு மணிக்குள் சேருங்கள். புறப்படும் முன் மேரிலாந்து பூங்காத் துறையின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அன்றைய அறிவிப்பைப் பாருங்கள். மூடப்பட்ட பாதைகளையும் அங்கேயே தெரிவிக்கிறார்கள்.

4. கட்டணமும் ஆவணங்களும்

நாங்கள் சென்றபோது மேரிலாந்தில் வசிப்போருக்கு வண்டி ஒன்றுக்கு 5 டாலரும், வெளிமாநிலத்தவருக்கு 7 டாலரும் கட்டணமாக இருந்தன. கட்டணங்கள் அவ்வப்போது மாற்றப்படுவதால் கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள். சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கமும் அட்டையும் இரண்டுமே கையில் இருக்கட்டும்.

இங்கே பலர் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன் போன்ற இடங்களுக்காக வாங்கிய தேசியப் பூங்கா ஆண்டு அட்டை இங்கே செல்லாது. அது மத்திய அரசின் நிலங்களுக்கு உரியது. இது மாநில அரசின் பூங்கா. மேரிலாந்து மாநிலப் பூங்காக்களுக்கென்று தனியே ஓர் ஆண்டு அனுமதி இருக்கிறது. நான் பார்த்தபோது அதன் விலை உள்மாநிலத்தவருக்கு 75 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 100 டாலர். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இங்கே மட்டும் வருபவர்களுக்கு அது வீண் செலவு. கோடை முழுவதும் மாநிலத்தின் மற்ற பூங்காக்களுக்கும் செல்லும் குடும்பத்துக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

உள்ளே செல்வதற்குக் கடவுச்சீட்டோ முன் அனுமதிக் கடிதமோ தேவையில்லை. ஓட்டுநர் உரிமத்தையும், வாடகை வண்டியானால் அதன் ஒப்பந்தத்தையும் வைத்திருங்கள். வாடகை வண்டியில் வேறு மாநிலத்தின் எண் பலகை இருக்கக்கூடும் என்பதால், மேரிலாந்து முகவரி கொண்ட அடையாள அட்டை உங்களிடம் இருப்பது நல்லது. கரையில் உதிர்ந்து கிடக்கும் சுறாப்பற்களையும் சிப்பிகளையும் சொந்தச் சேகரிப்புக்கு எடுத்துச் செல்ல உரிமம் எதுவும் வேண்டியதில்லை. மீன்பிடிக்கத்தான் உரிமம் வேண்டும். பூங்காவின் சிறிய குளத்தில் தூண்டில் போட 16 வயது நிரம்பியவர்களுக்கு நன்னீர் உரிமமும், விரிகுடாவில் பிடிக்க அதற்கான வேறு உரிமமும் தேவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதில் பிடிக்க முடியாது.

5. வழி

வாஷிங்டனைச் சுற்றிச் செல்லும் பெல்ட்வே நெடுஞ்சாலையிலிருந்து 4-ஆம் எண் மாநிலச் சாலையில் தெற்கே செல்லுங்கள். அது பிரின்ஸ் ஃபிரெடரிக் ஊருக்கு முன்பே 2-ஆம் எண் சாலையோடு சேர்ந்து 2/4 என்றாகிறது. பிரின்ஸ் ஃபிரெடரிக்கைத் தாண்டிச் சுமார் 14 மைல் சென்றால் பூங்காவுக்கான பெயர்ப்பலகை வரும்.

வழிகாட்டிச் செயலியில் 'கால்வர்ட் கிளிஃப்ஸ்' என்று மட்டும் இட்டுவிடாதீர்கள். சில மைல் வடக்கே அதே பெயரில் ஓர் அணுமின் நிலையம் இருக்கிறது. 'ஸ்டேட் பார்க்' என்ற சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள். சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இல்லாமல் இங்கே வந்து திரும்புவது நடைமுறையில் இயலாத காரியம். வரும்போது வாடகைக் கார் செயலியில் வண்டி கிடைத்தாலும், திரும்பும்போது கிடைக்கும் என்று நம்பி வர வேண்டாம். ஓத அட்டவணையையும் வரைபடத்தையும் வீட்டிலேயே செல்பேசியில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் எங்களுக்குத் தொடர்பு சரியாகக் கிடைக்கவில்லை.

6. பையில் வைக்க வேண்டியவை

ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாத தண்ணீர், புளிசாதமோ சப்பாத்தியோ போன்ற கெடாத உணவு, நீரில் நனைந்தாலும் கெடாத மூடிய காலணி, மாற்றுக் காலுறை, பற்களைப் போட்டு வைக்க இறுக மூடும் சிறு டப்பா, குப்பைக்கு ஒரு பை ஆகியவை கட்டாயம். மேரிலாந்து மாநிலப் பூங்காக்களில் குப்பைத் தொட்டிகளை எதிர்பார்க்க முடியாது. கொண்டுவந்ததை நீங்களேதான் திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும். கழிப்பறையை வாகன நிறுத்தத்தின் அருகிலேயே பயன்படுத்திவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.

கரையில் கூழாங்கற்களை அலசும் சல்லடைக்குத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை. சமையலறையில் அரிசி கழுவி வடிக்கும் துளைப் பாத்திரமே போதும். மாவுச் சல்லடையின் கண் மிகச் சிறியதாக இருப்பதால் மணல் இறங்காமல் அடைத்துக்கொள்ளும். மண்வெட்டி, சுத்தியல், உளி எதுவும் வேண்டாம். பாறைச் சரிவைத் தோண்டுவது தடைசெய்யப்பட்டது.

7. காட்டுப்பாதை

பூங்காவில் மொத்தம் 13 மைல் நடைபாதைகள் உள்ளன. மரங்களில் பூசியிருக்கும் வண்ணப் பட்டைகளே அடையாளம். கரைக்குச் செல்ல, சிவப்புப் பட்டையைத் தொடருங்கள். பாதை ஓடையை ஒட்டிச் சென்று, பீவர் என்ற கொறிவிலங்குகள் அணைகட்டி உண்டாக்கிய சதுப்பு நிலத்தின் ஓரமாகப் போகிறது. பெரிய ஏற்றங்கள் இல்லை. ஆனால் வேர்கள் மண்ணுக்கு மேலே புடைத்துக்கொண்டிருப்பதால் குழந்தைத் தள்ளுவண்டியை நாங்கள் உருட்டியதைவிடத் தூக்கிச் சென்றதே அதிகம். அந்தச் சதுப்பின் ஓரத்தில் ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். அல்லியிலைகளின் மேல் ஆமைகள் ஏறி வெயில் காய்வதை என் மகள் அங்கேதான் முதன்முதலில் பார்த்தாள்.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பூங்காவின் ஒரு பகுதியில் உரிமம் பெற்றவர்கள் வேட்டையாட அனுமதி உண்டு. அந்த மாதங்களில் ஆரஞ்சு போன்ற பளிச்சிடும் நிறத்தில் மேலாடை அணியுங்கள். குறித்த பாதையை விட்டு விலகாதீர்கள்.

வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரை உண்ணிகள் மிகுதி. இவற்றுள் சில லைம் என்ற நோயைப் பரப்புபவை. வெளிர்நிற முழுக்கால் சட்டை அணிந்து, அதன் விளிம்பைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டு, பூச்சிவிரட்டி பூசிக்கொள்ளுங்கள். ஒரே காம்பில் மூன்று இலைகளாக வளரும் பாய்சன் ஐவி என்ற செடியைத் தொட்டாலும் நாள்கணக்கில் அரிப்பும் கொப்புளமும் வரும். குழந்தைகளுக்கு முன்பே அதன் படத்தைக் காட்டிவிடுங்கள்.

8. கரையில் செய்யக் கூடாதவை

பாறைச் சரிவு என்று சொன்னாலும் அது கருங்கல் பாறையன்று. மணலும் களிமண்ணும் சிப்பியும் படிந்து இறுகிய அடுக்குகள்; சில இடங்களில் நூறடி உயரம் வரை செங்குத்தாக நிற்கின்றன. அலை அடிப்பகுதியை அரிப்பதால் முன்னறிவிப்பு ஏதுமின்றிப் பெரும் கட்டிகள் சரிந்து விழும். ஆகவே சரிவின் அடியில் நடப்பதும், அதன் மேல் ஏறுவதும், அதைத் தோண்டுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. தடுப்புப் பலகையைத் தாண்டிச் சிலர் செல்வதைப் பார்த்து நீங்களும் செல்லாதீர்கள். அப்பால் நிறையக் கிடைக்கும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் சரிவிலிருந்து கழன்று விழும் பற்களை அலையே இழுத்து வந்து திறந்த கரையிலும் போடுகிறது. பியூரிட்டன் புலிவண்டு என்ற அரிய பூச்சி இந்தச் சரிவுகளில் துளையிட்டு வாழ்கிறது என்பதும், அது மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது என்பதும் இங்கே கைவைக்காமல் இருப்பதற்கு மற்றொரு காரணம்.

நீரில் இறங்கலாம், ஆனால் உயிர்காப்பாளர் இல்லை. கோடையின் நடுவில் ஜெல்லி மீன்கள் பெருகும். நம் மீனவர்கள் சொறி என்று சொல்வதன் இனம்தான், பட்டால் எரியும். காலில் ஆறாத புண் இருந்தால் வெப்பமான மாதங்களில் இந்த உவர்நீரில் இறங்கவே வேண்டாம். விப்ரியோ என்ற கிருமி புண்வழியே உட்சென்று கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடும். நீரிழிவோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள் இதில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

9. தேடும் முறை

முதல் பல் கிடைக்கும் வரைதான் கடினம். கண் ஒருமுறை பழகிவிட்டால் பிறகு தானாகவே அகப்படும். இந்த அடுக்குகள் ஒரு கோடி முதல் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், மயோசின் காலத்தில், தெற்கு மேரிலாந்து முழுவதும் ஆழமற்ற வெதுவெதுப்பான கடலாக இருந்தபோது படிந்தவை. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிரினங்களின் எச்சங்கள் இவற்றிலிருந்து அடையாளம் காணப்பட்டுள்ளன. ஆனால் நீங்கள் தேட வேண்டியது பெரிய பல்லை அன்று. படங்களில் காட்டப்படும் உள்ளங்கை அளவான, மெகலோடான் என்ற அழிந்துபோன ராட்சதச் சுறாவின் பல் இங்கே கிடைப்பது மிக அரிது. கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை. இதைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லி, சிறியதைத் தேடப் பழக்குங்கள்.

நிறத்தை வைத்துத் தேடுங்கள். வெள்ளையாகக் கிடப்பவை பெரும்பாலும் சிப்பித் துண்டுகள். சுறாப்பற்கள் கனிமம் ஊறியதால் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ இருக்கும். கறுப்புக் கூழாங்கல்லும் நிறையக் கிடக்கும் என்பதால் இரண்டாவது அடையாளம் தேவை: பல்லின் மேற்பகுதி ஈரத்தில் மெருகிட்டது போல் மின்னும், வேர்ப்பகுதி சொரசொரப்பாக மங்கி இருக்கும். சூரியன் தாழ்வாக இருக்கும் காலை வேளையில், முகம் சூரியனை நோக்கியிருக்க மெதுவாக நடந்தால் அந்த மினுமினுப்பு கண்ணில் படும். கரையெங்கும் அலைவதைவிட, சிப்பித் துண்டுகள் குவிந்த ஓரிடத்தில் உட்கார்ந்து, அலை விளிம்பின் கூழாங்கற்களைக் கையால் அள்ளித் துளைப் பாத்திரத்தில் போட்டு நீரில் அலசிப் பார்ப்பதே அதிகம் தந்தது. எங்களுக்கு மூன்று மணி நேரத்தில் 23 பற்கள் கிடைத்தன. அவற்றில் 19 இப்படி அலசியதில் கிடைத்தவை.

விளிம்பில் பெரிய ரம்பப் பற்கள் கொண்டு வளைந்திருப்பது ஹெமிப்ரிஸ்டிஸ் என்ற சுறாவினுடையது. கறுப்பாக, சீப்பைப் போல வரிவரியாக இருக்கும் பட்டைத் துண்டைக் கல் என்று எறிந்துவிடாதீர்கள். அது திருக்கை மீன் சிப்பிகளை அரைக்கப் பயன்படுத்திய பல்தகடு. திருகு போன்ற டரிடெல்லா என்ற நத்தைக்கூடும், பெரிய விசிறிச் சிப்பியும் ஏராளம். பழுப்பு நிறத்தில் நான்கு புடைத்த வரிகளோடு சுருண்டிருக்கும் எக்ஃபோரா என்ற நத்தைக்கூடு கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். அதுதான் மேரிலாந்தின் மாநிலப் புதைபடிவம். எளிதில் நொறுங்கும் என்பதால் பஞ்சு வைத்த டப்பாவில் மட்டுமே வையுங்கள்.

10. திரும்பிய பிறகு

வண்டியில் ஏறும் முன் ஒருவரையொருவர் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்: முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி. வீடு சேர்ந்ததும் குளித்துவிடுங்கள். உடைகளைத் துவைக்கும் முன்பே உலர்த்தியில் அதிக வெப்பத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டால் ஒளிந்திருப்பவை செத்துவிடும். தோலில் கடித்துப் பிடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றுவதும் சூடு வைப்பதும் கூடாது. அதன்பின் சில வாரங்களுக்குள் காய்ச்சலோ படரும் சிவந்த தடிப்போ தோன்றினால், உண்ணி கடித்த தேதியைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

பற்களை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் அல்லாமல் நிழலில் உலர்த்துங்கள். எலும்புத் துண்டுகளில் உப்பு ஊறியிருப்பதால் அவற்றை ஓரிரு நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். எந்த நாள், எந்தக் கரை என்று ஒரு சீட்டில் எழுதி டப்பாவுக்குள் போடுங்கள். இனம் தெரியாதவற்றை, பூங்காவுக்குத் தெற்கே சாலமன்ஸ் என்ற ஊரில் இருக்கும் கால்வர்ட் கடல்சார் அருங்காட்சியகத்தின் காட்சிப் பேழைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே மெகலோடானின் முழு எலும்புக்கூட்டு மாதிரியும் உண்டு. சரிவில் பெரிய எலும்போ மண்டையோடோ வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் நெருங்காமல் தொலைவிலிருந்தே படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அந்த அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.

நடக்க இயலாத பெரியவர்கள் ஊரிலிருந்து வந்திருந்தால், சில மைல் வடக்கே உள்ள ஃபிளாக் பாண்ட்ஸ் இயற்கைப் பூங்காவைப் பாருங்கள். அங்கே கரைக்கு நடை ஏறத்தாழ அரை மைல்தான். அது மாவட்ட நிர்வாகத்தின் பூங்கா என்பதால் கட்டணமும் திறக்கும் நேரமும் வேறு. மாநிலப் பூங்கா அனுமதி அங்கே செல்லாது.